பூட்டிய கோப்பைத் திறக்குமுன்

அங்கத்தினர் கல்விப் பகுதி

நூல் வாங்கிய கணக்கு, பாவு கொடுத்த கணக்கு, கூலி பட்டுவாடா செய்த கணக்கு ஆகியவை ஒரு காலத்தில் தடித்த அட்டை போட்ட பேரேடுகளில் இருந்தன. அலமாரிச் சாவி காணாமற் போனால் கொல்லரை அழைத்துப் பூட்டை உடைப்பார்கள். பூட்டுத்தான் போகும், உள்ளே இருக்கும் பேரேட்டுக்கு யாதொரு ஊறும் நேராது. இன்று அக்கணக்குகளிற் பெரும்பகுதி கணினிக்குள் புகுந்துவிட்டது. 2022-ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில், 63,000 தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கங்களை 2,516 கோடி ரூபாய்ச் செலவில் கணினிமயமாக்குவதற்கு மத்திய அமைச்சரவை ஒப்புதல் அளித்தது. நெசவாளர் சங்கங்களிலும் கூலிப் பட்டியலையும் சரக்கிருப்பையும் கணினியில் எழுதும் வழக்கம் பரவியிருக்கிறது.

கணினியிலுள்ள கோப்புக்கும் பூட்டு உண்டு. ஆனால் அஃது அலமாரிப் பூட்டைப் போன்றதன்று. அதன் தன்மையை அறியாமல் உடைக்க முற்பட்டால், சில வேளைகளில் பூட்டோடு கணக்கும் சேர்ந்தே அழிந்துவிடும்.

இது எழுத்தர் கவனிக்க வேண்டிய விஷயம், நமக்கென்ன என்று அங்கத்தினர் எவரும் எண்ணலாகாது. கூலி நாளன்று கோப்பு திறவாவிட்டால் பட்டுவாடா நிற்கிறது. விளைபொருளை எடை போட்டுக் கொடுத்த விவசாயிக்குச் சேர வேண்டிய தொகை எவ்வளவென்று தெரியாமற் போகிறது. தணிக்கையாளர் வந்து அமர்ந்தபின் ‘கோப்பு திறக்கவில்லை’ என்ற விடை எவருக்கும் பெருமை தராது. ஆகவே பூட்டு என்பது யாது, அது எத்தனை வகைப்படும், ஒவ்வொன்றையும் எவ்வாறு அணுக வேண்டும் என்பவற்றை இப்பாடத்தில் ஆராய்வோம். பெரும்பாலான அலுவலகங்களில் உள்ள விண்டோஸ் கணினியையே உதாரணமாகக் கொள்வோம்.

பூட்டு ஏன் ஏற்பட்டது?

முதலில் ஓர் உண்மையை மனத்திற் கொள்ள வேண்டும். பெரும்பாலான பூட்டுகள் பழுதினால் ஏற்படுவன அல்ல. கணக்கைக் காப்பதற்காக ஏற்படுத்தப்பட்டவை. ஓர் உதாரணத்தால் இதனை விளக்குவோம்.

பண்டகசாலையில் காலை இருப்பு 120 கட்டு நூல் என்று கொள்வோம். இருப்புக் கோப்பை எழுத்தர் ஒரு கணினியிலும், பண்டகக் காப்பாளர் மற்றொரு கணினியிலும் ஒரே நேரத்தில் திறக்கின்றனர். இருவர் கண்ணுக்கும் 120 என்றே தெரிகிறது. காப்பாளர் நெசவாளருக்கு 20 கட்டு வழங்கியதைக் கழித்து 100 என்று எழுதிச் சேமிக்கிறார். எழுத்தரோ, ஆலையிலிருந்து வந்த 30 கட்டைத் தம் முன்னுள்ள 120 உடன் கூட்டி 150 என்று எழுதிப் பின்னர்ச் சேமிக்கிறார். கடைசியாக எழுதப்பட்டதே கோப்பில் நிற்கும். ஆகவே கோப்பு 150 என்கிறது. பண்டகசாலையிலோ 130 கட்டுகளே உள்ளன. இருவரும் நேர்மையாகவே எழுதினர். ஆயினும் 20 கட்டு குறைகிறதென்ற பழி காப்பாளர் தலையில் விழுகிறது.

இத்தகைய கேட்டைத் தடுக்கவே, ஒருவர் கோப்பைத் திறந்து எழுதிக்கொண்டிருக்கும்போது மற்றவர் எழுதாதபடி கணினி தடுக்கிறது. 1984-இல் வெளிவந்த எம்எஸ்-டாஸ் 3.0 பதிப்பிலேயே இதற்கென ‘ஷேர்’ என்னும் துணை நிரல் சேர்க்கப்பட்டது. முறைப் பாசனத்தில் ஒருவர் வயலுக்கு நீர் பாயும்போது மற்றவர் மடையை உடைப்பதில்லை; தம் முறைக்குக் காத்திருப்பார். கோப்புப் பூட்டும் அத்தகைய முறையே. முறையை மதிக்காமல் மடையை உடைப்பவர் நீரை மட்டுமன்றிக் கரையையும் இழப்பார்.

முதற்படி: திரையில் உள்ளதைப் படித்தல்

கோப்பு திறவாதபோது திரையில் ஓர் அறிவிப்புத் தோன்றும். அவசரத்தில் அதனைப் படிக்காமலே மூடிவிடுவது பலரிடம் காணப்படும் வழக்கம். இது தவறு. அவ்வறிவிப்பிலேயே பாதி விடை அடங்கியிருக்கிறது. அதனை அப்படியே ஒரு தாளில் எழுதிக் கொள்க; அல்லது கைபேசியாற் படம் எடுத்துக் கொள்க. பிறகு அது கீழ்க்கண்ட வகைகளுள் எதனைச் சேர்ந்தது என்று பிரித்தறிக.

ஒன்று: கோப்பு வேறொருவரிடம் அல்லது வேறொரு நிரலிடம் திறந்திருக்கிறது.
இரண்டு: கோப்பைத் திறக்க உமக்கு அனுமதி இல்லை.
மூன்று: கடவுச்சொல்லோ குறியாக்கமோ இடப்பட்டிருக்கிறது.
நான்கு: கோப்பு இருக்கும் வட்டு பழுதடைந்திருக்கிறது, அல்லது கோப்பின் பெயர் அளவு கடந்து நீண்டிருக்கிறது.
ஐந்து: தீயோர் பணம் பறிக்கும் பொருட்டுப் பூட்டியிருக்கின்றனர்.

பாவில் இழை சிக்கினால் நெசவாளர் உடனே கத்தரியை எடுப்பதில்லை. எந்த இழை எங்கே பிடித்திருக்கிறது என்று விரலால் தடவிப் பார்த்தபின்னரே விடுவிப்பார். அந்தப் பொறுமையே இங்கும் வேண்டும்.

மற்றொருவர் திறந்திருந்தால்

எக்செல் கோப்பாயின், அதனை இன்னார் திறந்து வைத்திருக்கிறார் என்று பெயருடன் அறிவிப்பு வரும். அப்பெயரை முழுதும் நம்பிவிடலாகாது. அந்தக் கணினியில் எக்செல் நிரலை அமைத்தபோது எவர் பெயர் பதிவாயிற்றோ அப்பெயரே காட்டப்படும். மூன்றாண்டுகளுக்கு முன் ஓய்வு பெற்ற காரியதரிசியின் பெயர் தோன்றினால் திகைக்க வேண்டியதில்லை. அவர் பயன்படுத்திய கணினியில் இன்று அமர்ந்திருப்பவரிடம் கேட்டால் போதும்.

அவ்வறிவிப்பில் ‘படிக்க மட்டும்’ திறக்கும் வழி ஒன்றும் காட்டப்படும். பார்ப்பதற்கு மட்டுமானால் அதனைத் தாராளமாக உபயோகிக்கலாம். ஆனால் அவ்வாறு திறந்த பிரதியில் திருத்தம் செய்து, வேறு பெயரிட்டுச் சேமிப்பதில் பெருந் தீங்கு இருக்கிறது. ‘கூலி’, ‘கூலி புதியது’, ‘கூலி கடைசி’ என்று மூன்று கோப்புகள் உண்டாகி, எது மெய்யான கணக்கு என்பது எவருக்கும் தெரியாமற் போகும்.

சில வேளைகளில் எல்லோரும் கோப்பை மூடிவிட்ட பிறகும் பூட்டு விலகுவதில்லை. மின்சாரம் திடீரென நின்றாலோ, நிரல் இடையில் முறிந்தாலோ இவ்வாறு நேரும். வேர்டு, எக்செல் ஆகிய நிரல்கள் கோப்பைத் திறக்கும்போது, அதே கோப்புறையில் அலைக்குறியும் டாலர் குறியும் முன்னே அமைந்த பெயருடன் ஒரு சிறு மறைகோப்பை உண்டாக்குகின்றன. லிப்ரே ஆபீஸ் நிரலும் இவ்வாறே ஒரு பூட்டுக் கோப்பை வைக்கிறது. நிரல் ஒழுங்காக மூடப்படின் அதுவும் நீங்கிவிடும்; முறிந்தால் தங்கிவிடக் கூடும். எல்லாக் கணினிகளிலும் கோப்பு மூடப்பட்டிருப்பதை நேரிற் கண்டு உறுதி செய்த பின்னரே, இச்சிறு கோப்பை நீக்க வேண்டும். பெயரின் முன்குறியைக் கவனமாகப் பார்த்து நீக்குக. கை தவறினால் மெய்யான கோப்பே நீங்கிவிடும்.

மனிதர் எவரும் திறக்காமலே நிரல்கள் கோப்பைப் பிடித்திருப்பதும் உண்டு. கோப்புறைச் சாளரத்தின் பக்கத்தில் கோப்பின் உள்ளடக்கத்தை முன்காட்டும் பகுதி, வைரஸ் தடுப்பு நிரல், இணையச் சேமிப்பகத்துக்குப் பிரதி அனுப்பும் நிரல் ஆகியவை இவ்வகையின. இவற்றிற்குச் சில நிமிடங்கள் காத்திருந்தாலே போதும். காத்திருந்தும் விடுபடாவிடில், எந்த நிரல் பிடித்திருக்கிறதென்று கண்டறிய விண்டோஸிலேயே வசதி உண்டு. ‘ரிசோர்ஸ் மானிட்டர்’ என்னும் கருவியைத் திறந்து, ‘சிபியு’ என்ற பகுதியில் ‘அசோசியேட்டட் ஹேண்டில்ஸ்’ என்னும் கட்டத்தில் கோப்பின் பெயரை இட்டுத் தேடினால், அதனைப் பிடித்திருக்கும் நிரலின் பெயர் தோன்றும். மைக்ரோசாஃப்ட் இலவசமாக வழங்கும் ‘பவர் டாய்ஸ்’ தொகுப்பில் ‘ஃபைல் லாக்ஸ்மித்’ என்னும் கருவி 2022-இல் சேர்க்கப்பட்டது. அதுவும் இவ்வேலையைச் செய்யும்.

நிரலைக் கண்டபின் அதனை ஒழுங்காக மூடுக. அது பதில் கூறாவிடில் மட்டுமே கண்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் ஆகிய மூன்று விசைகளையும் சேர்த்தழுத்தி, ‘டாஸ்க் மேனேஜர்’ வழியாக முடிவுக்குக் கொணர்க. அவ்வாறு செய்தால் அந்நிரலில் சேமிக்கப்படாதவை யாவும் போய்விடும் என்பதை மறக்கலாகாது. கணக்கு நிரலாயின், பதிவு பாதியில் நின்று கோப்பே கெடவும் கூடும்.

இவையாவும் பயனளிக்காவிடில் கணினியை மறுதொடக்கம் செய்க. இதில் ஒரு நுட்பம் உண்டு. 2012-இல் வந்த விண்டோஸ் 8 முதல் விரைவுத் தொடக்கம் என்னும் ஏற்பாடு இருக்கிறது. அது செயலில் இருந்தால், ‘ஷட் டவுன்’ செய்யும்போது இயக்க முறைமையின் ஒரு பகுதி நிலை வட்டில் சேமிக்கப்பட்டு, மறுமுறை அதுவே மீண்டும் எழுகிறது. ‘ரீஸ்டார்ட்’ கொடுத்தால்தான் யாவும் புதிதாகத் தொடங்கும். ஆகவே அணைத்து ஏற்றுவதினும் மறுதொடக்கமே மேலானது. கோப்பு பொதுக் கணினியில் இருந்து, மற்றவர்கள் வலையமைப்பு வழியே அதனைப் பயன்படுத்துவார்களாயின், அனைவரும் தத்தம் வேலையைச் சேமித்து மூடிய பிறகே அக்கணினியை மறுதொடக்கம் செய்ய வேண்டும்.

அனுமதி மறுக்கப்பட்டால்

‘ஆக்செஸ் டினைட்’ என்ற அறிவிப்பு வந்தால், அனுமதி மறுக்கப்பட்டது என்று பொருள். 1993-இல் வெளிவந்த விண்டோஸ் என்டி முதல், ஒவ்வொரு கோப்பும் யாருக்கு உரியது, யார் படிக்கலாம், யார் எழுதலாம் என்பது வட்டிலேயே குறிக்கப்படுகிறது. இக்குறிப்பு மனிதரின் பெயரால் அன்று, கணினி ஒவ்வொரு பயனருக்கும் அளித்த நீண்ட அடையாள எண்ணால் அமைகிறது. பழைய கணினி பழுதாகி, அதன் வட்டைப் புதிய கணினியில் இணைக்கும்போது கோப்புகள் திறவாமற் போவதற்கு இதுவே காரணம். இரு கணினிகளிலும் பயனர் பெயர் ‘சங்கம்’ என்றே இருப்பினும், அடையாள எண் வேறு வேறு.

இதற்குப் பரிகாரம் உண்டு. நிர்வாகி கணக்கில் நுழைந்து, கோப்புறையின் மேல் வலப்பக்கச் சொடுக்கிட்டு, ‘பிராப்பர்ட்டீஸ்’, ‘செக்யூரிட்டி’, ‘அட்வான்ஸ்டு’ என்ற வரிசையிற் சென்று உரிமையாளரை மாற்றலாம். இங்கு இரண்டு எச்சரிக்கைகள் அவசியம். சங்கத்தின் கோப்புறைக்கு மட்டுமே இதனைச் செய்ய வேண்டும். விண்டோஸ் இயங்கும் வட்டு முழுமைக்கும் செய்தால் கணினியே இயங்காமற் போகலாம். மேலும், அனுமதி மறுப்பு வேண்டுமென்றே வைக்கப்பட்டதாகவும் இருக்கலாம். கூலிப் பட்டியலைத் திருத்தும் உரிமை ஒருவருக்கு இல்லையெனின், அஃது அவருக்கும் பாதுகாப்பு, சங்கத்துக்கும் பாதுகாப்பு. அத்தகைய பூட்டைத் திறக்கும் வழி கணினியில் இல்லை. நிர்வாகக் குழுவின் அனுமதியில் இருக்கிறது.

இணையத்தின் வழியும் மின்னஞ்சல் வழியும் வரும் கோப்புகளுக்கு மற்றொரு தடை உண்டு. அவை பாதுகாப்புப் பார்வையில் மட்டுமே திறக்கும், எழுத விடாது. அவற்றிலுள்ள ‘மேக்ரோ’ என்னும் சிறு நிரல்களை இயல்பாகவே தடுக்கும் ஏற்பாட்டையும் மைக்ரோசாஃப்ட் 2022-இல் கொண்டு வந்தது. அனுப்பியவரைத் தொலைபேசியில் அழைத்து, அவரே அனுப்பினார் என்று உறுதி செய்யாமல் இத்தடையை நீக்கலாகாது. பின்னர்க் கூறப்போகும் பெருந்தீமை பெரும்பாலும் நுழையும் வாயில்களில் இது ஒன்று.

கடவுச்சொல்லும் குறியாக்கமும்

இவ்விடத்தில் இருவேறு பூட்டுகளைப் பிரித்தறிய வேண்டும். எக்செல் கோப்பு திறந்து, அதனுள் ஒரு தாளில் மட்டும் திருத்த விடாமல் இருப்பது ஒரு வகை. அது தவறுதலாக விசை பட்டுக் கணக்கு மாறாதிருக்க வைத்த வேலி. உள்ளே இருப்பதைக் காணத் தடையில்லை. கோப்பைத் திறக்கும்போதே கடவுச்சொல் கேட்பது மற்றொரு வகை. இதில் உள்ளடக்கம் முழுவதும் குறியாக்கம் செய்யப்பட்டிருக்கிறது. ஆபீஸ் 2007 முதல் இதற்கு ஏஇஎஸ் என்னும் வலிய முறை கையாளப்படுகிறது. கடவுச்சொல் நீண்டதாகவும் எளிதில் ஊகிக்க இயலாததாகவும் இருந்து, அது மறந்துபோயின், மைக்ரோசாஃப்ட் நிறுவனத்தாலும் அதனை மீட்டுத் தர இயலாது. பணம் கொடுத்தால் எந்தக் கோப்பையும் திறந்து தருகிறோம் என்போர், ஒவ்வொரு சொல்லாக முயன்று பார்ப்பதையே செய்கின்றனர். எளிய கடவுச்சொல்லாயின் அது பலிக்கும், மற்றதற்குப் பலிக்காது.

வட்டு முழுவதையும் குறியாக்கும் ‘பிட்லாக்கர்’ என்னும் ஏற்பாடு 2007-இல் விண்டோஸ் விஸ்டாவுடன் பொது உபயோகத்துக்கு வந்தது. கணினியின் உள்பலகையை மாற்றினாலோ, சில அடிப்படை அமைப்புகளைத் திருத்தினாலோ, கணினி 48 இலக்கங்கள் கொண்ட மீட்பு எண்ணைக் கேட்கும். புதிய கணினிகள் பலவற்றில், மைக்ரோசாஃப்ட் கணக்கைக் கொண்டு முதன்முதல் நுழையும்போது குறியாக்கம் தானாகவே தொடங்கி, மீட்பு எண் அந்தக் கணக்கிலே சேமிக்கப்படுகிறது.

இதனை அங்கத்தினர்கள் ஊன்றிக் கவனிக்க வேண்டும். சங்கப் பணத்தில் வாங்கிய கணினியைக் காரியதரிசி தம் சொந்த மின்னஞ்சல் கணக்கைக் கொண்டு தொடங்கினாராயின், சங்கத்தின் சாவி அவருடைய சட்டைப் பையில் இருப்பதற்கு ஒப்பாகும். அவர் மாற்றலாகிப் போனாலும், நோயுற்றாலும், காலஞ்சென்றாலும், கணினி பழுதாகும் நாளில் அவ்வெண் கிடைக்காமற் போகலாம். அவர்மேல் குற்றமில்லை, ஏற்பாட்டின் மேல்தான் குற்றம்.

வட்டின் பழுதும் பெயரின் நீளமும்

செருகி வட்டைப் பொருத்தியவுடன் ‘வட்டைப் புதிதாக வடிவமைக்க வேண்டும்’ என்று கணினி கேட்டால், இல்லை என்று விடை தருக. ஆம் என்றால் உள்ள கோப்புகள் போய்விடும். வட்டின் அமைப்பு குலைந்திருக்கிறதே அன்றி, கோப்புகள் பெரும்பாலும் அதனுள் இருக்கின்றன. வட்டில் வழக்கத்துக்கு மாறான ஓசை கேட்டால் உடனே நிறுத்திவிட வேண்டும். ஓடவிடும் ஒவ்வொரு நிமிடமும் பழுதைப் பெருக்கும். வட்டு படிக்க இயலும் நிலையில் இருந்தால், கிடைப்பதை முதலில் வேறிடத்துக்குப் பிரதி எடுத்துவிட்டுப் பிறகே திருத்தும் கருவிகளை உபயோகிக்க வேண்டும். எஸ்டி அட்டையாயின், அதன் ஓரத்தில் உள்ள சிறு தடுப்பு விசை இறங்கியிருக்கிறதா என்பதையும் பார்க்க வேண்டும். அது இறங்கியிருந்தால் எழுத விடாது.

கோப்பின் பெயரும் தொல்லை தருவதுண்டு. வட்டின் பெயர், கோப்புறைகளின் பெயர்கள், கோப்பின் பெயர் ஆகிய யாவும் சேர்ந்து 260 குறிகளுக்குள் அடங்க வேண்டும் என்பது விண்டோஸின் நெடுநாள் வரம்பு. இதனை நீக்கும் வழி விண்டோஸ் 10-இல் வந்திருப்பினும், பல நிரல்கள் பழைய வரம்பிலேயே இயங்குகின்றன. தமிழிற் பெயரிடுவோர் ஒன்றை அறிய வேண்டும். ‘கூலி’ என்பது நம் கண்ணுக்கு 2 எழுத்து. கணினியின் கணக்கில் 4 குறிகள். மெய்யும் உயிர்க்குறியும் தனித்தனியே எண்ணப்படுவதே காரணம். கோப்புறைக்குள் கோப்புறையாக ஆழ்ந்து கிடக்கும் கோப்பு திறவாவிடில், மேலே உள்ள கோப்புறைகளின் பெயரைச் சுருக்கினால் அது திறந்துவிடும். இதற்காகத் தமிழ்ப் பெயரைக் கைவிட வேண்டியதில்லை. சுருங்கப் பெயரிட்டால் போதும்.

பணம் பறிக்கும் பூட்டு

கோப்புகளின் பெயர்களெல்லாம் திடீரென மாறி, திறக்க வேண்டுமாயின் பணம் அனுப்புக என்று திரையில் ஒரு மிரட்டல் தோன்றினால், அது ‘ரான்சம்வேர்’ என்னும் தீநிரலின் வேலை. 2017-ஆம் ஆண்டு மே 12-ஆம் நாள் பரவிய ‘வன்னாக்ரை’ 150-க்கு மேற்பட்ட நாடுகளின் கணினிகளைப் பூட்டி, கணினி ஒன்றுக்கு 300 டாலர் மதிப்புள்ள பிட்காயின் கேட்டது. அது நுழைந்த ஓட்டையை அடைக்கும் திருத்தத்தை மைக்ரோசாஃப்ட் அதே ஆண்டு மார்ச் 14-ஆம் நாளே வெளியிட்டிருந்தது. ஏறக்குறைய இரண்டு மாத அவகாசம் இருந்தும், திருத்தத்தை ஏற்காத கணினிகளே பெரிதும் அகப்பட்டன.

இது பெரிய நாடுகளுக்கும் பெரிய நிறுவனங்களுக்கும் நேர்வது என்று நினைத்துவிடலாகாது. 2024 ஜூலை இறுதியில், கூட்டுறவு வங்கிகளுக்கும் கிராமிய வங்கிகளுக்கும் தொழில்நுட்பச் சேவை அளித்த ஒரு நிறுவனம் இத்தாக்குதலுக்கு உள்ளாயிற்று. ஏறத்தாழ 300 சிறு வங்கிகளின் பணப் பரிமாற்றச் சேவை தடைப்பட்டதாகச் செய்தி வெளிவந்தது. தீமை பரவாதிருக்க, தேசியப் பணப் பட்டுவாடாக் கழகம் அந்நிறுவனத்தைத் தன் வலையமைப்பிலிருந்து தற்காலிகமாகப் பிரித்து வைத்தது.

பிரித்து வைப்பதே நம் சங்கமும் செய்ய வேண்டிய முதற் காரியம். கணினியின் வலையமைப்புக் கம்பியை உருவுக. கம்பியில்லாத் தொடர்பை நிறுத்துக. பிரதி வைத்திருக்கும் வட்டை அக்கணினியில் மறந்தும் செருகாதீர். செருகினால் அதுவும் பூட்டப்படும். மிரட்டல் தோன்றிய திரையைப் படம் எடுத்துக் கொள்க. பூட்டப்பட்ட கோப்புகளை அழித்துவிட வேண்டாம். 2016-இல் நெதர்லாந்துக் காவல் துறையும் யூரோப்போலும் இரு பாதுகாப்பு நிறுவனங்களும் சேர்ந்து தொடங்கிய ‘நோ மோர் ரான்சம்’ என்னும் கூட்டு முயற்சி, சில வகைத் தீநிரல்களுக்கு மாற்றுச் சாவியை இலவசமாக அளிக்கிறது. இன்று கிடைக்காத சாவி நாளை கிடைக்கலாம். பணம் அனுப்பினால் திறக்கும் என்பதற்கு யாதொரு உறுதியும் இல்லை.

நம் நாட்டில் 1930 என்னும் தொலைபேசி எண்ணில் இணையக் குற்றத்தைப் பற்றி முறையிடலாம். கணினி அவசரநிலைகளைக் கவனிக்கும் ‘சர்ட்-இன்’ அமைப்பு, நிறுவனங்கள் இத்தகைய நிகழ்ச்சியை அறிந்த 6 மணி நேரத்துக்குள் தனக்கு அறிவிக்க வேண்டும் என்று 2022 ஏப்ரலில் ஆணையிட்டது. சங்கத்தின் மேலதிகாரிகளுக்கும் உடனே தெரிவிக்க வேண்டும். வெட்கி மறைப்பதால் தீங்கு பெருகுமே அன்றிக் குறையாது.

செய்யத் தகாதவை

‘எந்தப் பூட்டையும் திறக்கும்’ என்று இணையத்தில் விளம்பரம் செய்யப்படும் நிரல்களை இறக்கி உபயோகிக்கலாகாது. அவற்றுட் சில தாமே தீநிரல்கள். வைரஸ் தடுப்பை நிறுத்திவிட்டு முயன்று பார்க்கலாகாது. பிரதி எடுக்காமல் எந்தத் திருத்தமும் செய்யலாகாது. ஒரே நேரத்தில் இரண்டு பரிகாரங்களைச் செய்யலாகாது. எது பயன் தந்தது, எது கெடுத்தது என்பது தெரியாமற் போகும். செய்த ஒவ்வொன்றையும் நேரத்துடன் ஒரு குறிப்பேட்டில் எழுதுக. பின்னர் வருகிற பழுது பார்ப்பவருக்கு அக்குறிப்பைவிடப் பெரிய உதவி வேறில்லை.

சங்கத்தின் கடமை

இதுகாறும் கூறியவை பூட்டு விழுந்தபின் செய்பவை. விழுமுன் செய்பவையே மேலானவை. நகைக் கடன் கொடுக்கும் சங்கங்களில் இரும்புப் பெட்டிக்கு இரண்டு சாவிகள் வைத்து இருவர் பொறுப்பில் ஒப்படைக்கும் வழக்கம் நாம் அறிந்ததே. ஒருவரை நம்பாததால் ஏற்பட்ட வழக்கம் அன்று அது. எவர் மீதும் பழி வராதிருக்க ஏற்பட்டது. கணினிச் சாவிக்கும் அவ்வழக்கத்தையே கைக்கொள்ள வேண்டும். நிர்வாகக் குழு பின்வருவனவற்றைத் தீர்மானமாக நிறைவேற்றலாம் என்று கருதுகிறோம்.

1. கணினியைச் சங்கத்தின் பெயரில் ஏற்படுத்திய கணக்கைக் கொண்டே தொடங்க வேண்டும். ஊழியரின் சொந்தக் கணக்கு கூடாது.

2. நிர்வாகிக் கடவுச்சொல்லையும் 48 இலக்க மீட்பு எண்ணையும் தாளில் எழுதி, உறையிலிட்டு, தலைவரும் காரியதரிசியும் கையொப்பமிட்டு இரும்புப் பெட்டியில் வைக்க வேண்டும். கடவுச்சொல் மாறுந்தோறும் உறையும் மாற வேண்டும்.

3. ஊழியர் மாறும் நாளில் பேரேடுகளை ஒப்படைப்பது போலவே, கோப்புகளையும் கடவுச்சொற்களையும் பட்டியலிட்டு ஒப்படைக்க வேண்டும். பொறுப்பேற்பவர் ஒவ்வொரு கோப்பையும் திறந்து பார்த்தபின்னரே கையொப்பமிட வேண்டும்.

4. முக்கியமான கோப்புக்கு மூன்று பிரதிகள் வேண்டும். அவை இருவகைச் சாதனங்களில் இருக்க வேண்டும். ஒன்றேனும் வேறு கட்டடத்தில் இருக்க வேண்டும். பிரதி வட்டு, பிரதி எடுக்கும் நேரம் தவிர மற்ற வேளைகளில் கணினியோடு இணைந்திருக்கக் கூடாது.

5. மாதம் ஒரு முறை ஒரு பிரதியை வேறு கணினியில் திறந்து பார்க்க வேண்டும். திறந்து பாராத பிரதியைப் பிரதியென்று நம்பலாகாது.

6. கூலிப் பட்டியலைப் பட்டுவாடாவுக்கு முதல் நாளே தாளில் அச்சிட்டு வைக்க வேண்டும். கணினி திறவாவிடினும் நெசவாளரின் கூலி நிற்கலாகாது.

7. ஒரு கோப்பில் எழுதும் பொறுப்பு ஒரு வேளையில் ஒருவருக்கே இருக்க வேண்டும். பலர் எழுத வேண்டிய கணக்காயின், அதற்கென அமைந்த கணக்கு நிரலை நாடுவதே முறை.

இவற்றுள் எதற்கும் பெருஞ்செலவு இல்லை. ஓர் உறை, ஒரு குறிப்பேடு, இரண்டு வட்டுகள், மாதத்தில் அரை மணி நேரம் ஆகியவையே வேண்டுவன. கணக்கு அங்கத்தினர் அனைவருக்கும் உரியது. அதன் சாவி எங்கே இருக்கிறது என்று பொதுக்குழுவில் கேட்பது எவரையும் சந்தேகிப்பதாகாது. அஃது அங்கத்தினரின் உரிமையும் கடமையும் ஆகும்.

கல்வி வட்டத்தில் விவாதிப்பதற்குரிய வினாக்கள்

1. ஒரே இருப்புக் கோப்பை இருவர் ஒரே நேரத்தில் எழுதினால் கணக்கு எவ்வாறு பிறழும்? நம் சங்கத்தின் கணக்கிலிருந்து ஓர் உதாரணம் கூறுக.

2. ‘அனுமதி மறுக்கப்பட்டது’ என்ற அறிவிப்பு எப்போது பழுது, எப்போது பாதுகாப்பு?

3. நம் சங்கக் கணினி யாருடைய கணக்கில் தொடங்கப்பட்டிருக்கிறது? அதன் மீட்பு எண் இன்று எங்கே இருக்கிறது?

4. கடைசியாக எடுத்த பிரதியின் தேதி யாது? அதனை வேறு கணினியில் திறந்து பார்த்தவர் யார்?

5. வருகிற கூலி நாளன்று கணினி திறவாவிட்டால், பட்டுவாடாவை எவ்வாறு நடத்துவோம்?

மூன்றாம், நான்காம் வினாக்களுக்கு விடை கூற இயலாத சங்கங்கள், அடுத்த நிர்வாகக் குழுக் கூட்டத்தின் நிகழ்ச்சி நிரலில் இவ்விஷயத்தை முதலாவதாகச் சேர்த்துக்கொள்ளுமாறு கேட்டுக்கொள்கிறோம்.